மாமா கொண்டுவந்த இறுவட்டு

லண்டனிலிருந்து வந்த மாமா, சொக்லேட்டையும் சுவெட்டர்களையும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்து முடித்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். டின்னுக்குள் ஓர் இறுவட்டு. நாம் வழக்கமாகப் பார்க்கும் வெள்ளி நிறம் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கின் நிறம். "இதில் எண்பத்தேழு படம் இருக்கிறது. ஒன்றைக்கூட நான் பார்த்து இருபது வருடத்துக்கு மேலாகிறது" என்றார்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "பெரியக்கா இருக்கிறாரா, அண்ணே?"

மாமா தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே நிச்சயமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமா 1970களில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். அந்தத் தோட்டத்தில் கெமரா வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்: பெரியதுரை ஒருவர், மாமா ஒருவர். துரை தன் நாயையும் ரோஜாச் செடிகளையும் எடுத்தார். மாமா ஆட்களை எடுத்தார். அந்த ஆட்களில் பாதிப்பேர் அப்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ஏறித் தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. பெரியம்மா, அதாவது அம்மாவின் பெரியக்கா, அதில்தான் போனார். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது.

1984இல் கப்பல் நின்றது. அதே ஆண்டு மாமாவும் போனார், வேறு திசைக்கு. போகும்போது நெகட்டிவ்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். பத்து வருடம் கழித்து லண்டனில் படம் கழுவும் கடையொன்றில் அவற்றை இந்தப் பொன்னிறத் தட்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். "இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை" என்று கடைக்காரர் சொன்னாராம். மாமா நம்பினார். அதன்பின் வீடு மாறும்போது நெகட்டிவ் பெட்டி தொலைந்ததைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம்தான் தட்டில் இருக்கிறதே.

இங்கே வந்ததும் தட்டை அவர் என்னிடம் தரவில்லை. வீட்டில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம்தான் நடத்துகிறாள் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அவசரத்துக்கு நினைவில் வருவதில்லை. டவுனிலுள்ள ஒரு கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோனார். கடைப் பையன் போட்டுப் பார்த்தான். கோப்புகள் வரிசையாக இருந்தன. ஆனால் எதைத் திறந்தாலும் 'இதை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை' என்ற செய்திதான். ஒவ்வொரு பெயரின் வாலிலும் பிசிடி என்று இருந்ததை ஜேபிஜி என்று மாற்றினான். அப்போதும் வரவில்லை. இணையத்திலிருந்து, எந்தப் படத்தையும் மாற்றித் தருவதாகச் சொல்லும் ஏதோவொரு மென்பொருளை இறக்கினான். அது முதல் படத்தை முத்திரை அளவில் காட்டி, அதன் முகத்துக்குக் குறுக்கே தன் பெயரை எழுதி, மிச்சத்துக்கு டொலரில் காசு கேட்டது. "தட்டு பழுது, ஐயா" என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வாலை வெட்டி ஒட்டிய வேலையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாணவர்களும் அதையே செய்கிறார்கள், சக ஆசிரியர்களும் செய்கிறார்கள்.

அம்மாவுக்கு மூன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. சேமலாப நிதிக் காசை எடுக்கப் போனபோது மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர் மாறியதால் அம்மா மாறவில்லை. கோப்பும் அப்படித்தான். வாலில் என்ன எழுதியிருந்தாலும், ஆள் யார் என்பது உள்ளே, பெரும்பாலும் முதல் சில பைட்களிலேயே, எழுதியிருக்கும்.

ஹெக்ஸ் எடிட்டர் என்றொரு வகை மென்பொருள் இருக்கிறது. இலவசமாகப் பல கிடைக்கின்றன. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதன் பைட்களைப் பதினறும எண்களாக வரிசை வரிசையாகக் காட்டும். பக்கத்திலேயே எழுத்தாக வாசிக்கக்கூடியவற்றை எழுத்தாகவும் காட்டும். ஜேபெக் படம் என்றால் தொடக்கம் எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப். பிஎன்ஜி என்றால் 89 என்ற பைட்டுக்கு அடுத்து பி, என், ஜி என்ற எழுத்துகளே வெளிப்படையாக நிற்கும். ஃபோட்டோஷாப் கோப்பு 8பிபிஎஸ் என்று தொடங்கும். டிஃப் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் ஐஐ அல்லது எம்எம்; பைட்களை இன்டெல் சிப் அடுக்கும் ஒழுங்கா, மோட்டரோலா அடுக்கும் ஒழுங்கா என்பதன் அடையாளம் அது. அதற்கு அடுத்து 42 என்ற எண். கெனன், நிக்கோன், சோனி கெமராக்கள் பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் ரோ கோப்புகள் பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இதே டிஃப்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பள்ளி ஆய்வுகூடத்தில், இறுவட்டுச் செருகும் வழி இன்னும் உயிரோடு இருக்கும் கணினி ஒன்றே ஒன்று. ஈரம் ஏறாமலிருக்க அதை இரவில் பிளாஸ்டிக் உறைபோட்டு மூடி வைக்கிறோம். இந்த ஊரில் கெமரா லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும், கல்யாண அல்பத்திலும் பிடிக்கும். சனிக்கிழமை மேலதிக வகுப்பு முடிந்ததும் தட்டைப் போட்டேன். திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் தட்டு முழுவதையும் வன்தட்டுக்குப் பிரதியெடுத்தேன். பழைய தட்டு எத்தனை முறை சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்ப்பதையெல்லாம் பிரதியில் பார்த்துக்கொள்ளலாம். எண்பத்தாறு கோப்புகள் சுகமாக வந்தன. ஒன்று வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹெக்ஸ் எடிட்டரில் முதல் கோப்பின் 2,048 பைட்களைத் தாண்டியதும் பிசிடி_ஐபிஐ என்ற எழுத்துகள் நின்றன. தட்டு பழுதில்லை. இது கொடக் நிறுவனத்தின் ஃபோட்டோ சிடி.

கொடக் இதை 1990இல் அறிவித்து, 1992இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிலிம் சுருளைக் கடையில் கொடுத்தால் கழுவி, ஸ்கேன் செய்து, தட்டில் எழுதித் தருவார்கள். ஒரு தட்டில் சுமார் நூறு படம். வீட்டில் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒரு பெட்டியில் போட்டுக் குடும்பமாகப் பார்க்கலாம். எல்லோர் வீட்டிலும் கணினி வரும் என்று அப்போது நம்பியவர்கள் குறைவு, தொலைக்காட்சியைத்தான் நம்பினார்கள். பெட்டி விற்கவில்லை. 2000களின் நடுப்பகுதிக்குள் அந்த முயற்சியே மெல்ல மறைந்தது. 2012 ஜனவரியில் கொடக்கே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

ஆனால் கோப்பின் உள்கட்டமைப்பைப் பார்த்தபோது எனக்கு மரியாதைதான் வந்தது. ஒரே கோப்புக்குள் ஒரே படம் ஐந்து அளவுகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. 192க்கு 128 பிக்சலில் ஒரு முத்திரை. 384க்கு 256இல் அடுத்தது. 768க்கு 512இல் நடுத்தரம். இதை அடிப்படைப் படம் என்கிறார்கள். இந்த மூன்றும் எந்தச் சுருக்கமும் இல்லாமல் அப்படியே கிடக்கின்றன. அதற்கு மேல் 1536க்கு 1024, 3072க்கு 2048 என்ற இரண்டு பெரிய அளவுகளும் முழுப் படமாக இல்லை. அடிப்படைப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் உண்மைப் படத்திலிருந்து எவ்வளவு விலகும், அந்த விலகலை மட்டும் சுருக்கி எழுதிவைத்திருக்கிறார்கள். புதுக் கணக்கெழுதாமல், பழைய கணக்கில் கூட்டல் கழித்தலை மட்டும் ஓரத்தில் குறிக்கும் கணக்கப்பிள்ளையின் வேலை.

இவ்வளவையும் நான் கண்டுபிடிக்கவில்லை. கொடக் இந்த வடிவத்தின் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிடவில்லை. 1990களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் இருந்த ஹத்முட் டானிஷ் என்பவர் கோப்பின் பைட்களை மட்டும் பார்த்துப் பார்த்து அதை அவிழ்த்தார். ஹெச்பிசிடிடுபிபிஎம் என்ற வாயில் நுழையாத பெயரில் அவர் எழுதிய சிறு நிரலும், அதைப் பார்த்துப் பிறர் எழுதியவையும் இல்லையென்றால் மாமாவின் தட்டு கோப்பைக்கு அடியில் வைக்கத்தான் உதவியிருக்கும்.

பைட்களை மட்டும் பார்த்து எப்படி அவிழ்ப்பது? அடுத்த சனிக்கிழமை உயர்தர மாணவர்களுக்கு அதையே பாடமாக்கினேன். பாடத்திட்டத்தில் பைதன் இருக்கிறது, பதினறும எண்களும் இருக்கின்றன. அவற்றால் ஆகும் காரியம் எதுவும் இல்லை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கோப்பின் முதல் 196,608 பைட்களைத் தாண்டச் சொன்னேன். அங்கிருந்து ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாம்பல் புள்ளியாக வைத்து வரிசைகளாக அடுக்கச் சொன்னேன். ஒரு வரிசைக்கு எத்தனை புள்ளி என்பதை மட்டும் சொல்லவில்லை. 700 வைத்தபோது திரையில் மழைதான் பெய்தது. 760 வைத்தபோது மழை சாய்ந்த கோடுகளாயிற்று. "டீச்சர், ஏதோ சரிகிறது" என்றான் ஒருவன். 764இல் சரிவு குறைந்தது. 768இல் படக்கென்று எழுந்து நின்றது ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு; அதன் முன்னால் ஏழெட்டுப் பேர்.

நின்றதே தவிர, உடம்பெல்லாம் கோடு. ஒவ்வொரு மூன்றாவது வரிசையிலும் வெளிறிய இரட்டைப் பேய் ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி. இரண்டு வரிசை வெளிச்சம், அடுத்த வரிசையில் நிறம். மனிதக் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பிடிக்கும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பிடிப்பதில்லை என்பதால் நிறத்தைப் பாதி அகலத்தில், பாதி உயரத்தில் மட்டும் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு நிறப் பகுதிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வரிசைக்குள் அடங்கின. மூன்றாவது வரிசைகளைப் பிரித்தெடுத்ததும் படம் சுத்தமானது. அன்று வகுப்பு ஒரு மணிநேரம் நீண்டது. பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டியது: மாமாவின் கோப்புகளில் எந்தப் பூட்டும் இருக்கவில்லை. மறைகுறியாக்கம் எதுவுமில்லை. வழியைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். தேயிலை மலையின் குறுக்குப் பாதைகளை யாரும் பூட்டுவதில்லை. தெரிந்தவர் பத்து நிமிடத்தில் இறங்குகிறார், தெரியாதவர் கார் ரோட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான வடிவம் என்றால் பெரும்பாலும் இதுதான் அர்த்தம். உண்மையிலேயே பூட்டுப் போட்ட கதைகளும் உண்டு. 2005இல் நிக்கோன் தன் டி2எக்ஸ் கெமராவின் ரோ கோப்பில் வெள்ளைச் சமநிலை எண்களை மறைகுறியாக்கியது பெரிய சர்ச்சையானது. படம் எடுத்தவர் தன் படத்தின் நிறத்தை அறிய இன்னொருவரின் அனுமதி வேண்டுமா என்று கேட்டார்கள். 1997 முதல் டிசிரோ என்ற ஒற்றைக் கோப்பு நிரலால் கெமரா கெமராவாக அவிழ்த்துவந்த டேவ் கோஃபின் அதையும் அவிழ்த்துவிட்டார். இன்று இலவசமாகக் கிடைக்கும் ரோ மென்பொருள்கள் பலவற்றின் அடியில் அவருடைய வேலைதான், நேராகவோ லிப்ரோ என்ற நூலகத்தின் வழியாகவோ, ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த அவதி புதிதில்லை. எங்கள் பள்ளியின் பழைய பரீட்சைத் தாள்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரிசையாக நிற்கும். கோப்பு பழுதில்லை, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாடு அந்த எழுத்துருவோடு போய்விட்டது. பாமினியை ஒருங்குறிக்கு மாற்ற ஓர் அட்டவணை போதும், நல்லவேளையாகப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். படக் கோப்புக்கு அட்டவணை போதாது. அடுக்கும் ஒழுங்கு, சுருக்கும் முறை, நிறக் கணக்கு என்று மூன்று நான்கு உடன்பாடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ஒன்று தவறினாலும் படம் குலையும்.

அச்சகங்களில் நடப்பது இன்னொரு கதை. கோயில் திருவிழா நோட்டீசும் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழும் இங்கே கோரல்ட்ராவில்தான் பிறக்கின்றன. அடுத்த வருடம் தேதியை மட்டும் மாற்ற அந்தக் கோப்பைக் கேட்டால் தருவார்கள், ஆனால் வீட்டில் திறக்க முடியாது. சிறு உதவிக் குறிப்பு: 2008இல் வந்த எக்ஸ்4 பதிப்பிலிருந்து சிடிஆர் கோப்பு என்பது ஒரு ஸிப் பொட்டலம்தான், முதல் இரண்டு எழுத்துகள் பிகே. பிரித்துப் பார்த்தால் பல நேரம் உள்ளே ஒரு சிறு முன்னோட்டப் படமாவது கிடைக்கும். முழுதாகத் திறப்பதற்கு லிப்ரே ஒஃபிஸ் 2012இல் இருந்து முயல்கிறது. எளிய வடிவமைப்பு என்றால் வென்றுவிடுகிறது, தமிழ் எழுத்துகள் மட்டும் ஆங்காங்கே தெறிக்கும். கல்யாணப் படப்பிடிப்பாளர் ரோ கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு மறைந்துவிட்டாரா? அதற்குள்ளும் கெமரா தன் திரையில் காட்டுவதற்காக ஒரு ஜேபெக்கை ஒளித்து வைத்திருக்கும். எஃப்எஃப் டி8 எங்கே தொடங்குகிறது என்று தேடி, அங்கிருந்து எஃப்எஃப் டி9 வரை வெட்டியெடுத்தால் போதும்.

விவரக்குறிப்பை வெளியிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஜிஃப் வடிவத்தை 1987இல் எல்லோரும் பார்க்கத்தான் வெளியிட்டார்கள். உள்ளே இருந்த சுருக்கும் முறையின் காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003இல் காலாவதியாகும்வரை தலைவலி ஓயவில்லை. 2017இலிருந்து ஐஃபோன்கள் எடுக்கும் ஹெயிக் படங்களின் வடிவமும் வெளிப்படையான தரம்தான், ஆனால் சுருக்கும் முறை காப்புரிமைகளுக்குள் இருக்கிறது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் படம் பழைய கணினியில் திறக்காமல் அடம்பிடிப்பதற்கு அது ஒரு காரணம்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாம் லயத்தில் இருந்த மாதிரி" என்றார். ஐந்து தலைமுறை இருந்தோம். சுவருக்கு வெள்ளையடித்தது நாம், கோடியில் மரக்கறித் தோட்டம் போட்டது நாம். காணி உறுதி மட்டும் நம் பெயரில் இல்லை.

படங்களைத் திறந்த கதைக்கு வருகிறேன். சாதாரணமாகப் பார்ப்பதற்கு இர்ஃபான்வியூ தன் செருகிகளோடு போதும். பைதனின் பில்லோ நூலகமும் பிசிடியைத் திறக்கும், ஆனால் 768க்கு 512 அளவோடு நின்றுவிடும். நிமிர்ந்து எடுத்த படங்கள் கோப்புக்குள் படுத்தபடிதான் இருக்கும்; எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது தலைப்பகுதியில் ஒரே ஒரு பைட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது, அதைப் படிக்காத மென்பொருள் எல்லோரையும் சரித்துக் காட்டும். பெரிய அளவை எடுக்க பிசிடிடுஜேபெக் என்ற திறந்த மூல நிரலைப் பயன்படுத்தினேன்.

முதலில் வேறொரு கருவியில் மாற்றியபோது மலைப்பக்கப் படங்களெல்லாம் வெளுத்து வந்தன. லயத்துக் கூரை வெள்ளைப் பலகை. வானம் வெள்ளைத் தாள். அம்மா பார்த்துவிட்டு, "அண்ணனுக்குப் படம் எடுக்கவே தெரியவில்லை" என்று தீர்ப்பளித்தார். மாமாவின் முகம் சுருங்கியது. நாற்பது வருடத்துக்கு முந்திய வேலைக்கு இப்போது வசை.

குற்றம் மாமாவுடையதில்லை. ஃபோட்டோ சிடியில் வெளிச்சத்தின் எண் 0 முதல் 255 வரை ஓடுகிறது. ஆனால் முழு வெள்ளை என்று கொள்ளப்படுவது 255 இல்லை, 182. ஃபிலிம் தாங்கக்கூடிய வெளிச்சம் காகிதம் காட்டக்கூடியதைவிட அதிகம் என்பதால், வெயில் பட்ட தகரம், மேகத்தின் விளிம்பு, நீரின் பளபளப்பு போன்றவற்றுக்கு அதற்கு மேலே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவசரக்கார நிரல் 182ஐத் தாண்டியதையெல்லாம் வெள்ளை என்று வெட்டிவிடுகிறது. மேலே இருப்பதை வெட்டாமல் மெல்ல அமுக்கிக் கொண்டுவந்தால் கூரை திரும்பி வருகிறது. வந்தது. ஒவ்வொரு தகரத்தின் அலையும் தெரிந்தது. இடதுபக்கம் மூன்றாவது தகரத்தில் ஒரு ஒட்டுத் துண்டு.

"இது பத்தாம் நம்பர் லயம்" என்றார் அம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "அந்த ஒட்டு அப்பா போட்டது. மழைக்கு எங்கள் அடுப்புமேல்தான் ஒழுகும்."

அதற்குப் பிறகு ஒரு கிழமை எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் வரிசை. தலைக்கயிறு கட்டிய கூடைகள். காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டிய ஓர் ஆண், வேஷத்தோடு பீடி புகைக்கிறார். 1969இல் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில், நீர் வற்றிய ஒரு வருடத்தில் இடுப்பளவு வெளியே நிற்கிறது. அதன் படிக்கட்டில் யாரோ வேட்டியைக் காய வைத்திருக்கிறார்கள். பெரியம்மா மட்டும் எதிலும் இல்லை.

எஞ்சியது அந்த ஒரு கோப்பு. 61ஆம் இலக்கம். மாமாவின் பழைய குறிப்பேட்டில் அதற்கு நேரே 'ஸ்டேஷன்' என்று மட்டும் எழுதியிருந்தது.

டிடிரெஸ்கியூ என்ற கருவியை இரவு முழுவதும் ஓடவிட்டேன். படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், படிக்கக்கூடியதை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து தட்டிப் பார்ப்பது அதன் குணம். காலையில் கோப்பின் முதல் ஒரு எம்பி அளவு கிடைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஓட்டை. கையில் பேனாவோடு கணக்குப் போட்டேன். அடிப்படைப் படம் 196,608இல் தொடங்குகிறது. வெளிச்சத்துக்கு 768 பெருக்கல் 512, அதாவது 393,216 பைட்கள். நிறத்துக்கு அதில் பாதி, 196,608. எல்லாம் சேர்ந்து 786,432ஆவது பைட்டோடு முடிகிறது. ஓட்டை அதற்கு அப்பால்தான். பெரிய அளவுகளுக்கான விலகல் கணக்கு போய்விட்டது; நடுத்தரப் படம் முழுதாக இருக்க வேண்டும்.

இருந்தது. ஹட்டன் ஸ்டேஷன் மேடை. ரயிலின் ஜன்னல்கள். ஜன்னல்களுக்கு வெளியே கைகள், கைகளைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பவர்களின் கைகள். இரண்டாவது ஜன்னலில் ஒரு பெண், முகம் பாதி திரும்பியிருக்கிறது.

"அக்காதான்" என்றார் அம்மா.

"இல்லை, தங்கச்சி. அக்கா போனது அதற்கு முந்தின வருடம். அன்று மழை. எனக்கு நன்றாக ஞாபகம், ஃபிலிம் இல்லாமல் போய்விட்டது. இது வேறு யாரோ."

"அந்தக் கழுத்தைப் பாருங்கள், அண்ணே."

முகத்தின் அகலத்தை எண்ணிப் பார்த்தேன். பதினொரு பிக்சல். கெடாமல் இருந்திருந்தால் பெரிய அளவில் நாற்பத்து நான்கு இருந்திருக்கும்; ஆளைச் சொல்லலாம். தம்பி தன் தொலைபேசியிலுள்ள ஒரு செயலியில் அந்த முகத்தைப் போட்டான். அது மூக்கும் உதடும் கண்ணிமையும் வைத்து, பற்பசை விளம்பரத்தில் வருவது போன்ற ஒரு முகத்தைப் பெற்றெடுத்தது. அம்மா அதை ஒரே ஒரு தடவை பார்த்தார். "இது யார்? எடு இதை" என்றார்.

பதினொரு பிக்சல் படத்தைத்தான் அவர் சட்டம் போட்டு வைத்திருக்கிறார், பெரிதாக்க வேண்டாம் என்று சொல்லி. எல்லாப் படங்களையும் நான் டிஃப்பாகவும் ஜேபெக்காகவும் மூன்று வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன். பிசிடி மூலக் கோப்புகளையும் அழிக்கவில்லை, இதைவிட நல்ல நிரல் எழுதுபவர் நாளைக்கு வரலாம். மாமா லண்டன் திரும்பிவிட்டார். தட்டை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்.

பழுதான தட்டை ஒரு டிரைவ் படிக்காத இடத்தில் இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு. இதுவரை மூன்றில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கம் யாரிடமாவது பழைய கணினியின் இறுவட்டு டிரைவ் சும்மா கிடந்தால், எறிந்துவிடாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.